உருட்டுக் கட்டையாக விறகு வாங்குவது: லோடு இறங்குவது முதல் அடுப்பு வரை

காய்ந்து, பிளந்து, எரிக்கத் தயாராக இருக்கும் விறகை வாங்குவதைவிட, மரம் வெட்டிய கையோடு உருட்டுக் கட்டையாக ஒரு லோடு இறக்கிக்கொள்வது பெரும்பாலும் மலிவு. அறுப்பது, பிளப்பது, காயவைப்பது என்ற மூன்று வேலையும் வாங்குபவர் தலையில் வந்து விடுவதால்தான் அந்த விலை. முதல் இரண்டையும் சில நாள் உழைப்பில் முடித்துவிடலாம். மூன்றாவதற்கு மாதக்கணக்கில் காலம் வேண்டும். புதிதாக வாங்குபவர்கள் சறுக்குவது அங்கேதான். விறகு தீர்ந்த மாதத்தில் கட்டைக்குச் சொல்லி அனுப்புகிறார்கள். வந்து இறங்குவது பச்சை மரம். வேறு வழியில்லாமல் அதையே எரிக்கிறார்கள்.

இன்று இறங்கும் கட்டை அடுத்த ஆண்டுக்கான விறகு. ஓராண்டுக்கான காய்ந்த விறகு கையிருப்பில் இருக்கும்போதே அடுத்த லோடுக்குச் சொல்லிவிட வேண்டும். அதிலும், மழைக்காலம் முடிந்து வெயிலும் காற்றும் தொடங்கும் வேளையில் பிளந்து அடுக்கி முடித்திருந்தால், நல்ல உலர்பருவம் முழுவதும் உங்களுக்குக் கிடைக்கும். நாள் தள்ளி அடுக்கினால் அந்தப் பருவத்தில் பாதி வீணாகிவிடும்.

ஈரம் ஏன் இவ்வளவு முக்கியம்

புதிதாக வெட்டிய மரத்தின் எடையில் 35 முதல் 50 சதவீதம் வரை வெறும் நீர். முழுக்க உலர்ந்த மரம் ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 18 முதல் 19 மெகாஜூல் வெப்பம் தரும். எடையில் 20 சதவீதம் நீர் உள்ள விறகு கிலோவுக்குச் சுமார் 14 மெகாஜூல் தரும். பாதி எடை நீராக இருந்தால் அது 8 அளவுக்கு இறங்கிவிடும். ஒரு கிலோவில் மரமே அரைக் கிலோதான், மீதி அரைக் கிலோ நீரை ஆவியாக்கும் வேலையும் அந்த மரத்தின் தலையிலேயே விழுகிறது.

இழப்பு இதோடு நிற்பதில்லை. விறகு சூடாகும்போது வெளிவரும் வாயுக்கள்தான் தீக்கொழுந்தாக எரிகின்றன. ஈரம் அடுப்பின் சூட்டைத் தணித்துவிட்டால் அந்த வாயுக்கள் எரியாமல் புகையாக மேலே போகும். புகைபோக்கியின் குளிர்ந்த சுவரில் அவை கிரியோசோட் என்ற தாராகப் படியும். படிந்த தார் ஒருநாள் தீப்பற்றினால் புகைபோக்கியே எரியும். ஈர விறகு எரிக்கும் வீடுகளில் புகைபோக்கித் தீ வருவதற்கு இதுதான் முதன்மைக் காரணம்.

எவ்வளவு வாங்குவது

ஊகத்தில் சொல்லாதீர்கள். இப்போது எரிக்கும் காய்ந்த விறகை ஒரு வாரம் நிறுத்துப் பாருங்கள். ஒரு நாளைக்கு 8 கிலோ, ஆண்டில் 300 நாள் என்றால் 2,400 கிலோ காய்ந்த விறகு வேண்டும். அதில் 20 சதவீதம் நீர், ஆகவே உண்மையான மரச்சத்து 1,920 கிலோ. பச்சைக் கட்டையில் 45 சதவீதம் நீர் என்று வைத்தால், அதே மரச்சத்துக்கு ஏறத்தாழ 3.5 டன் பச்சைக் கட்டை தேவை. மரத்தூள், உதிரும் பட்டை, கழிக்க வேண்டிய உளுத்த துண்டு எல்லாம் சேர்த்து 4 டன்னாகச் சொல்வது நல்லது.

இடத்தையும் இப்போதே கணக்குப் பாருங்கள். கன மீட்டருக்கு 700 கிலோ உள்ள நடுத்தரக் கனமான மரம் என்றால் 2,400 கிலோ என்பது 3.4 கன மீட்டர் மரம். பிளந்து அடுக்கினால் நடுவில் காற்றிடைவெளி வரும். அடுக்கின் மொத்தக் கன அளவில் 60 முதல் 70 சதவீதம்தான் மரமாக இருக்கும். ஆக, 5.3 கன மீட்டர் இடம் வேண்டும். 35 சென்டிமீட்டர் நீளத் துண்டுகளை ஒற்றை வரிசையாக 1.2 மீட்டர் உயரத்துக்கு அடுக்கினால் வரிசையின் நீளம் 12.5 மீட்டரைத் தாண்டும். இரண்டு வரிசையாகப் பிரித்தால் ஒவ்வொன்றும் ஆறரை மீட்டர். அவ்வளவு வெயிலும் காற்றும் படும் இடம் இல்லையென்றால் லோடைக் குறைத்துக்கொள்ளுங்கள். நெருக்கிக் குவித்து வைத்த விறகு காயாது.

எந்த மரம்

வன்மரம், மென்மரம் என்ற பிரிவு தாவரவியலார் வகுத்தது. அகன்ற இலையுள்ள, பூக்கும் மரங்கள் வன்மரம். பைன் போன்ற ஊசியிலை மரங்கள் மென்மரம். பஞ்சுபோல் லேசான பால்சாவும் அந்தக் கணக்கில் வன்மரம்தான். எனவே ‘வன்மரக் கட்டை’ என்று விற்பவர் சொல்வதால் மட்டும் நல்ல விறகு என்று ஆகிவிடாது. மரத்தின் பெயரைக் கேளுங்கள்.

சவுக்கு, சீமைக் கருவேலம், கருவேலம், புளி, ஓக் ஆகியவை கனமானவை. தணல் நீண்ட நேரம் நிற்கும். வேம்பும் யூகலிப்டஸும் நடுத்தரத்துக்கு மேலே. மா, ரப்பர் மரம் நடுத்தரம். இலவம், முருங்கை, கல்யாண முருங்கை போன்றவை லேசானவை, பற்றவைக்க உதவுமே தவிர தணல் நிற்காது.

இங்கே ஒரு விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை. ஒரே அளவு உலர்ந்திருந்தால், கிலோவுக்குக் கிடைக்கும் வெப்பம் எல்லா மரத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான். வேறுபடுவது கன மீட்டருக்கு எவ்வளவு கிலோ என்பது. ஆகவே எடைக்கு வாங்கும்போது மரவகையைவிட ஈரத்தைத்தான் பெரிதாகப் பார்க்க வேண்டும். கன அளவுக்கு வாங்கும்போது நேர்மாறு: லேசான மரத்தைக் கலந்துவிட்டால் நட்டம் முழுவதும் உங்களுக்கு.

பிளப்பதற்கு எப்படி என்றும் விசாரியுங்கள். புளி, எல்ம் போன்றவற்றில் மர இழை ஒன்றோடொன்று பின்னியிருக்கும். கோடாலி உள்ளே இறங்கும், கட்டை பிளக்காது. யூகலிப்டஸ் பச்சையாக இருக்கும்போது ஒழுங்காகப் பிளக்கும், காய்ந்தால் பிடிவாதம் பிடிக்கும். சவுக்கு நேராக, அளவான தடிமனில் வருவதால் புதிதாகத் தொடங்குபவர்களுக்கு வசதி.

அரளி, தில்லை இரண்டையும் லோடில் அறவே சேர்க்காதீர்கள். அரளி முழுவதும் நஞ்சு. தில்லையின் பால் கண்ணைக் கெடுக்கும், புகையும் எரிச்சல் தரும். வண்ணம் பூசிய மரம், பூச்சிமருந்து ஏற்றிய கம்பம், பழைய ஒட்டுப்பலகை எதுவும் கட்டைகளுக்கு நடுவே வரக்கூடாது. பதப்படுத்திய சில மரங்களில் ஆர்செனிக் இருக்கும். எரித்தால் அது புகையிலும் சாம்பலிலும் போய்ச் சேரும்.

கட்டையின் தடிமனும் நீளமும்

விட்டம் 15 முதல் 30 சென்டிமீட்டர் வரை உள்ள கட்டையைக் கேட்டு வாங்குங்கள். பெருத்த கட்டை பார்க்க லாபமாகத் தோன்றும். ஆனால் 2.5 மீட்டர் நீளத்தில் 25 சென்டிமீட்டர் விட்டமுள்ள பச்சைக் கட்டையே சுமார் 120 கிலோ. விட்டம் 50 ஆனால் அரை டன்னை நெருங்கிவிடும். விட்டம் இரட்டித்தால் எடை நான்கு மடங்கு. அதை 35 சென்டிமீட்டர் துண்டாக அறுத்தாலும் ஒரு துண்டு 70 கிலோவுக்குப் பக்கம் வரும். தனியாளாகப் பிளக்கும் மேடைக்குத் தூக்க முடியாது. மறுபுறம், 8 சென்டிமீட்டருக்குக் குறைந்த சுள்ளிக் கட்டை மட்டுமே வந்தால் அறுப்பு வேலை கூடும், பட்டையும் அதிகமாகச் சேரும்.

நீளத்தில் ஒரு சிறு கணக்கு நிறைய மரத்தைக் காப்பாற்றும். முதலில் உங்கள் அடுப்பின் உள்நீளத்தை அளந்து, 5 சென்டிமீட்டர் கழியுங்கள். அதுதான் துண்டின் அதிகபட்ச நீளம். சங்கிலி ரம்பம் ஒவ்வொரு அறுப்பிலும் ஏறத்தாழ 8 மில்லிமீட்டரைத் தூளாக்கும். 2.5 மீட்டர் கட்டையை 35 சென்டிமீட்டராக அறுத்தால் ஏழு துண்டும் ஆறு அறுப்பும் சேர்ந்து 249.8 சென்டிமீட்டர், எதுவும் மிஞ்சாது. அதையே 33 ஆக அறுத்தால் ஒவ்வொரு கட்டையிலும் 13 சென்டிமீட்டர் முண்டு மிஞ்சும். நூறு கட்டை என்றால் நூறு முண்டு. அடுக்கில் உட்காராது, உருண்டுகொண்டே இருக்கும். அடுப்புக்குப் பொருந்தும் நீளத்தில் கட்டையை வெட்டித் தரச் சொல்ல முடிந்தால் இன்னும் நல்லது.

எடையா, கன அளவா

எடைக்கு வாங்கினால் நீருக்கும் சேர்த்துத்தான் காசு கொடுக்கிறீர்கள். 10 டன் லோடில் 45 சதவீதம் நீர் இருந்தால் மரச்சத்து 5.5 டன், 35 சதவீதம் இருந்தால் 6.5 டன். ஒரே எடைச் சீட்டு, ஒரே விலை, உள்ளே இருக்கும் மரத்தில் மட்டும் ஒரு டன் வேறுபாடு. மழை பெய்த மறுநாள் ஏற்றிய லோடை எடைக்கு எடுக்காதீர்கள். வெட்டி எத்தனை நாள் ஆயிற்று என்று கேளுங்கள். நான்கைந்து வாரம் நிழலில் கிடந்த, ஆனால் உளுக்காத கட்டை எடைக்கு வாங்கச் சிறந்தது. எடைமேடையில் வெறும் வண்டி எடை, ஏற்றிய வண்டி எடை இரண்டையும் அதே நாளில், அதே மேடையில் போட்ட சீட்டாக வாங்குங்கள். பழைய சீட்டில் உள்ள வெறும் வண்டி எடையை ஏற்காதீர்கள். டீசல் தொட்டியும் உதிரிச் சாமானும் எடையை மாற்றும்.

கன அளவுக்கு என்றால் எந்தக் கன அளவு என்று முதலில் தெளிவாக்குங்கள். திட மரத்தின் கன அளவு ஒன்று, அடுக்கின் கன அளவு வேறு, கொட்டிய குவியலின் கன அளவு மூன்றாவது. நேரான கட்டைகளை நெருக்கி அடுக்கினால் 60 முதல் 65 சதவீதம் மரம். கோணல்மாணலான கட்டை என்றால் பாதிக்கு வந்துவிடும். 2.4 மீட்டர் அகலம், 2 மீட்டர் உயரம், 5 மீட்டர் நீளம் ஏற்றிய வண்டியில் கண்ணுக்குத் தெரிவது 24 கன மீட்டர். கையில் கிடைக்கும் திட மரம் 12 முதல் 15 கன மீட்டர்தான். பிளந்த துண்டுகளை அடுக்காமல் கொட்டினால் மரம் 40 முதல் 50 சதவீதத்துக்குள் நிற்கும்.

தனிக் கட்டைகளை அளக்கும்போது நடுப்பகுதியில் சுற்றளவு எடுப்பார்கள். சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 12.57ஆல் வகுத்தால் உண்மையான கன அளவு வரும். மர வணிகத்தில் இன்னொரு பழைய முறையும் உண்டு: சுற்றளவின் கால் பங்கை அதே எண்ணால் பெருக்கி, நீளத்தால் பெருக்குவது. இந்தக் கால் சுற்றளவு முறையில் வரும் விடை உண்மையான அளவில் 78.5 சதவீதம்தான். 94 சென்டிமீட்டர் சுற்றளவு, 2.5 மீட்டர் நீளம் உள்ள கட்டைக்கு உண்மை அளவு 0.176 கன மீட்டர், கால் சுற்றளவுக் கணக்கில் 0.138. வாங்குபவருக்கு இது நட்டமில்லை, லாபம்தான். ஆனால் ஒருவர் உண்மைக் கணக்கிலும் இன்னொருவர் கால் சுற்றளவுக் கணக்கிலும் விலை சொல்லும்போது, இரண்டையும் ஒரே கணக்குக்கு மாற்றாமல் எது மலிவு என்று முடிவு செய்யாதீர்கள்.

காசு கொடுக்கும் முன் பார்க்க வேண்டியவை

‘ஒரு வருஷம் காய்ந்த கட்டை’ என்று சொல்லி விலையைக் கூட்டிக் கேட்பார்கள். பட்டையோடு முழு நீளமாகக் கிடந்த கட்டை ஓராண்டானாலும் உள்ளே ஈரமாகவே இருக்கும். நீர் மரத்தின் நீளவாக்கில்தான் வேகமாக வெளியேறும். குறுக்குவாக்கில் அதைவிடப் பத்து மடங்குக்கும் மேல் மெதுவாக நகரும், போதாததற்குப் பட்டை வேறு அடைத்து நிற்கும். நுனியில் விரிசல் தெரிகிறதே என்று ஏமாற வேண்டாம். காய்ந்தது நுனியில் ஒரு சாண் மட்டும். ஒரு கட்டையை நடுவில் அறுக்கச் சொல்லி, அந்தத் துண்டைப் பிளந்து, பிளந்த முகத்தில் உள்ளங்கையை வையுங்கள். பச்சை மரம் சில்லென்று இருக்கும். நடுவே ஈரம் நிறத்திலேயே தெரியும்.

அறுத்த முகத்தில் கருநீலக் கறை இருந்தால் எச்சரிக்கையாக இருங்கள். மரத்தின் துவர்ப்புச் சத்தோடு இரும்பு சேரும்போது வரும் கறை அது. உள்ளே ஆணியோ வேலிக்கம்பியோ புதைந்திருக்கலாம். சாலையோரத்திலும் வீட்டு முற்றத்திலும் நின்ற மரங்களில் இது அதிகம். ஒரே ஓர் ஆணி ஒரு சங்கிலியைக் கெடுத்துவிடும். வேகமாகச் சுழலும் சங்கிலி அறுந்தால் ஆளுக்கும் ஆபத்து. கட்டையின் மீது மண்ணும் மணலும் அப்பியிருந்தாலும் சங்கிலி சீக்கிரம் மழுங்கும். இழுத்து வந்த கட்டையைவிடத் தூக்கி ஏற்றிய கட்டை மேல்.

பட்டையை ஒரு கத்தியால் நெம்பிப் பாருங்கள். உள்ளே வெள்ளை நூல் பூஞ்சையும், விரலால் அழுத்தினால் அமுங்கும் மரமும் இருந்தால் அழுகல் தொடங்கிவிட்டது. வெளிமரத்தில் குண்டூசித் துளைகளும் மாவுபோன்ற தூளும் இருந்தால் துளைப்பான் வண்டு. வைரம் நன்றாக இருந்து வெளிமரம் மட்டும் கெட்டிருந்தால் விலை குறைத்து வாங்கலாம். நடுவே பொந்து விழுந்த கட்டையை எடைக்கு வாங்கலாம், கன அளவுக்கு வாங்கக்கூடாது.

மரம் வெட்டவும் வண்டியில் கொண்டுவரவும் பல ஊர்களில் அனுமதிச் சீட்டு வேண்டும். அதன் நகலைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தொலைதூரத்திலிருந்து பட்டையோடு வரும் கட்டையைத் தவிர்ப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் 2002இல் கண்டறியப்பட்ட, ஆஷ் மரங்களைக் கொல்லும் ஒரு பச்சை வண்டு, விறகோடு பயணம் செய்தே பல மாநிலங்களுக்குப் பரவியது. கிட்டத்தில் வெட்டியதைக் கிட்டத்திலேயே எரிப்பது மரங்களுக்குச் செய்யும் நன்மை.

இறக்கும் நாள்

வண்டி வருமுன்பே, தரையில் இரண்டு நீண்ட கட்டைகளைத் தண்டவாளம்போல் இணையாகக் கிடத்தி வையுங்கள். கட்டைகள் அதன்மேல் குறுக்காக இறங்கினால் மண் ஒட்டாது, அடியில் காற்று ஓடும், அறுக்கும்போது ரம்பம் தரையைத் தொடாது. இரு பக்கமும் உருளாமல் இருக்க முளை அடியுங்கள் அல்லது ஆப்பு வையுங்கள். மண் இறுகியிருக்கிறதா, திரும்ப இடமிருக்கிறதா, மேலே மின்கம்பி போகிறதா என்று முந்தின நாளே பார்த்துவிடுங்கள். கிரேன் வண்டி என்றால் மின்கம்பிக்கு அடியில் இறக்கவே கூடாது. சிறுவர்களைக் குவியலில் ஏறவிடாதீர்கள், நீங்களும் ஏறாதீர்கள். அசையாமல் கிடப்பதுபோல் தோன்றும் கட்டை ஒரு மிதியில் உருளும்.

இறக்கிய கட்டையை இரண்டு மூன்று மாதத்துக்குள் அறுத்துப் பிளந்துவிடுங்கள். மா, ரப்பர் போன்ற வெளிர் மரங்கள் ஈரக்காற்றில் சில வாரங்களிலேயே பூஞ்சை பிடிக்கும். முதலில் அவற்றை எடுங்கள், வைரம் பாய்ந்தவை காத்திருக்கும்.

அறுப்பது

குவியலின் மேலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து, மரக்குதிரை (கட்டையைத் தாங்கும் மரச்சட்டம்) மீது வைத்து அறுங்கள். இரு முனையும் தாங்கலில் இருந்து நடு தொங்கினால், கட்டையின் மேல்பக்கம் நெருக்கப்படும், கீழ்பக்கம் இழுபடும். மேலிருந்து முழுவதும் அறுத்தால் வெட்டுவாய் மூடி ரம்பத்தைக் கவ்விக்கொள்ளும். மேலே மூன்றில் ஒரு பங்கு அறுத்து, மீதியைக் கீழிருந்து அறுக்க வேண்டும். தாங்கலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் முனைக்கு இது தலைகீழ்: முதலில் கீழே கொஞ்சம், பிறகு மேலிருந்து.

ரம்பத் தகட்டின் மூக்கு மேல்பாதி எதிலும் படக்கூடாது. பட்டால் ரம்பம் கண்ணிமைக்கும் நேரத்தில் முகத்தை நோக்கித் துள்ளும். முகமறைப்பு, காதுமூடி, சங்கிலி ரம்பத்துக்கென்றே தைத்த கால்சட்டை, முனையில் இரும்புத் தகடு வைத்த காலணி ஆகிய நான்கும் இல்லாமல் தொடங்காதீர்கள். ரம்பத்திலிருந்து துருவல் துருவலாக விழ வேண்டும். மாவாக விழுந்தால் சங்கிலி மழுங்கிவிட்டது. அமுக்கி அறுப்பதை நிறுத்திவிட்டு அரம் எடுங்கள். இதுவரை ரம்பம் பிடித்ததே இல்லையென்றால், முதல் லோடை அறுக்கத் தெரிந்த ஆளைக் கூலிக்கு வைத்துப் பக்கத்தில் நின்று கற்றுக்கொள்வது சரியான முடிவு.

பிளப்பது

எல்லாவற்றையும் பச்சையாகவே பிளந்துவிடுங்கள். பெரும்பாலான மரம் பச்சையில்தான் எளிதாகப் பிளக்கும். பிளந்தால்தான் பட்டை மூடாத முகம் காற்றுக்குத் திறக்கும். 8 சென்டிமீட்டர் தடிமன் வரை உள்ளதை அப்படியே விடலாம் என்றாலும், பட்டை கெட்டியான மரம் என்றால் அதையும் இரண்டாக்குவது நல்லது. மற்றவை 8 முதல் 12 சென்டிமீட்டர் தடிமனுக்கு வர வேண்டும். 20 சென்டிமீட்டர் தடிமனில் விட்ட துண்டு அடுக்கிலேயே இரண்டு மடங்கு காலத்துக்கும் மேல் இருக்கும்.

துண்டை மேடைமேல் நிறுத்தி, அறுத்த முகத்தைக் கவனியுங்கள். நடுவிலிருந்து விளிம்புக்கு மெல்லிய விரிசல் ஓடியிருக்கும். கோடாலி அந்தக் கோட்டில் விழ வேண்டும். கணு இருக்கும் பக்கத்தைக் கீழே வைத்து, கணுவுக்கு விலகிய கோட்டைத் தேர்ந்தெடுங்கள். பெருத்த துண்டின் நடுவில் அடித்து மல்லுக்கட்டாதீர்கள். விளிம்பிலிருந்து சீவல் சீவலாக எடுத்துக்கொண்டே சுற்றிவந்தால் நடுப்பகுதி தானாகச் சிறுக்கும். பிளப்பதற்கு மரம் வெட்டும் மெல்லிய கோடாலி உதவாது. ஆப்புபோல் கன்னம் பருத்த, கனமான பிளப்புக் கோடாலி வேண்டும். பின்னிய இழை மரத்துக்கு இரும்பு ஆப்பும் சம்மட்டியும். ஆப்பின் தலை காளான்போல் விரிந்திருந்தால் அரைத்துச் சீராக்கிவிட்டு அடியுங்கள். விரிந்த விளிம்பு சில்லாகத் தெறித்துக் கண்ணில் பாயும். 4 டன்னுக்கு மேல் என்றால் பிளக்கும் இயந்திரத்தை வாடகைக்கு எடுப்பது முதுகுக்கு நல்லது. இயந்திரத்தில் ஒருவரே கட்டையையும் வைத்து விசையையும் இயக்க வேண்டும். ஒருவர் வைக்க மற்றவர் இயக்கும்போதுதான் விரல் போகிறது.

அடுக்குவது

நம் கணக்கில் 3.5 டன் பச்சை மரம் 2.4 டன் விறகாக வேண்டுமென்றால் ஏறத்தாழ 1,100 லிட்டர் நீர் அடுக்கிலிருந்து காற்றோடு போயாக வேண்டும். அடுக்கில் செய்யும் ஒவ்வொன்றும் இதற்காகத்தான்.

தரையிலிருந்து 10 முதல் 15 சென்டிமீட்டர் உயரத்தில் செங்கல்மேல் கழி போட்டோ, மரத்தட்டுப் பலகை போட்டோ தொடங்குங்கள். ஒற்றை வரிசையாக, அகன்ற பக்கம் வீசும் காற்றை நோக்கி இருக்கட்டும். இரண்டு வரிசை என்றால் நடுவில் குறைந்தது அரை மீட்டர் சந்து. 1.2 முதல் 1.5 மீட்டர் உயரத்துக்கு மேல் போகாதீர்கள். காயக் காய அடுக்கு சுருங்கிச் சாயும். இரு முனைகளிலும் குறுக்கும் நெடுக்குமாக மாற்றி அடுக்கினால் அதுவே தூணாக நிற்கும். மேல் வரிசையைப் பட்டை மேலே பார்க்க வைத்தால் மழைநீர் வழிந்தோடும்.

தார்ப்பாயைத் தலைக்கு மட்டும் போடுங்கள். அடுக்கைச் சுற்றி மூடிக் கட்டுவதுதான் மிகப் பரவலான தவறு. வெளியேறும் ஈரம் பாயின் உட்புறம் துளியாகக் கோர்த்து மீண்டும் விறகிலேயே விழும். ஒரே மாதத்தில் பூஞ்சை வாசம் வரும். தகரமோ பாயோ, பக்கத்துக்கு ஒரு சாண் நீட்டி, கல் வைத்துக் கட்டினால் போதும். பக்கங்கள் நான்கும் திறந்தே இருக்கட்டும். வீட்டுச் சுவரை ஒட்டி அடுக்காதீர்கள். காற்று ஓடாது, கறையானுக்கும் அது பாலமாகும். முக்கிய அடுக்கு வீட்டைவிட்டுத் தள்ளியே இருக்கட்டும், ஒரு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் உள்ளே கொண்டுவாருங்கள்.

எத்தனை மாதம்? வெயிலும் காற்றும் உள்ள இடத்தில் லேசான மரம் நான்கு முதல் ஆறு மாதம், கனமான மரம் ஒன்பது மாதம் முதல் ஓராண்டு. குளிரும் ஈரமும் மிகுந்த ஊர்களில் ஓக் போன்றவற்றுக்கு இரண்டு ஆண்டு பிடிக்கும். தொடக்கத்தில் எடை சட்டென்று இறங்கும். மரச்சத்தின் எடையில் 30 சதவீத அளவுக்கு நீர் குறைந்த பிறகு, இழைச்சுவருக்குள் பிணைந்த நீர்தான் மிஞ்சும். அது மெதுவாகவே வெளியேறும். பாதி காய்ந்ததைப் பார்த்து, அடுத்த மாதம் முழுக்கக் காய்ந்துவிடும் என்று நம்பிவிடக்கூடாது.

காய்ந்துவிட்டதா என்று பார்ப்பது

ஈரமானி வைத்திருந்தால், அடுக்கின் மேல், நடு, அடி என்று மூன்று இடத்திலும் துண்டு எடுத்து, புதிதாகப் பிளந்து, உள்முகத்தின் நடுவில் ஊசிகளை இழையோடு குத்துங்கள். வெளிமுகத்திலோ அறுத்த நுனியிலோ குத்தினால் வரும் எண் உங்களை மகிழ்விக்கும், உண்மையைச் சொல்லாது. மானி காட்டும் சதவீதம் பெரும்பாலும் உலர்ந்த மரத்தின் எடையை வைத்துச் சொல்லப்படுவது. விறகுக் கணக்கில் நாம் பேசும் சதவீதம் மொத்த எடையை வைத்தது. மானியில் 25 என்றால் மொத்த எடையில் 20. மானியிலேயே 20க்குக் கீழே வரும்வரை பொறுத்தால் எந்தக் கணக்கிலும் தவறில்லை. இங்கிலாந்தில் 2021 மே முதல், 2 கன மீட்டருக்குக் குறைவாக விற்கும் விறகில் ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பதே சட்டம்.

மானி இல்லாதவர்களுக்குத் தராசு போதும். அடுக்கும் நாளில் வெவ்வேறு தடிமனில் ஐந்து துண்டை எடுத்து, எண் எழுதி, எடையைக் குறித்து, கைக்கு எட்டும்படி அடுக்கின் நடுவில் செருகி வையுங்கள். மாதம் ஒருமுறை நிறுத்துப் பாருங்கள். மழையில்லாத இரண்டு மாதம் தொடர்ந்து எடை மாறவில்லை என்றால் அந்த இடத்தின் காற்று எடுக்கக்கூடிய ஈரத்தை எடுத்து முடித்துவிட்டது. எப்போதும் ஈரக்காற்று வீசும் ஊரில் அது 15 சதவீதத்துக்கும் கீழே போகாமல் நிற்கலாம், எரிக்க அதுவே போதுமானது. காதால் கேட்பதும் உதவும்: காய்ந்த இரு துண்டுகளை மோதினால் ‘கணீர்’ என்றும், ஈரத் துண்டுகள் ‘தொப்’பென்றும் ஒலிக்கும். இதைத் தராசுக்கு மாற்றாகக் கொள்ளாமல் துணையாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு வரிசையின் முனைத் துண்டிலும் அடுக்கிய மாதமும் ஆண்டும், மரத்தின் பெயரும் வண்ணத்தால் எழுதிவிடுங்கள். எடுப்பது எப்போதும் பழைய வரிசையின் ஒரு முனையிலிருந்து, மேலிருந்து கீழாக. அந்த வரிசை தீர்ந்த இடத்தில் கழிகளைத் தட்டிக் கறையான் மண் இருக்கிறதா என்று பார்த்து, அடுத்த லோடைப் பிளந்து அங்கேயே அடுக்கத் தொடங்கலாம்.